தட்டுக்கட்டோடு மலையேறிய செடி

ஆடி மாதத் தொடக்கத்தில் 'கேள்வி - பதில்' பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் தடிமனாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். நோட்டுத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திய ஒரு செடி. வேர், இலை, நுனியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள். கூடவே மூன்று வரிக் கடிதம். "எங்கள் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் இது புதிதாக முளைத்திருக்கிறது. ஊரில் சிலர் மாசிபத்திரி என்கிறார்கள். மாட்டுக்குப் போடலாமா?"

எழுதியவர் பர்கூர் மலையில் மாடு வளர்ப்பவர். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் அல்ல. ஈரோடு மாவட்டத்தில் அந்தியூருக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் பர்கூர் மலை.

அது மாசிபத்திரி அல்ல, பார்த்தீனியம். நாம் விஷப்பூண்டு என்று சொல்வது. 'மாட்டுக்குப் போடாதீர்கள், பூப்பதற்கு முன் பிடுங்கிவிடுங்கள்' என்று பதில் எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் கடிதத்தில் இருந்த 'புதிதாக' என்ற சொல் என்னை விடவில்லை. சமவெளியில் பார்த்தீனியத்தைப் புதிது என்று சொல்ல இன்று ஆள் கிடையாது. ஓர் ஊரில் அது இன்னும் புதிதாக இருக்கிறது என்றால், அந்த ஊரில் அதைத் தடுத்து நிறுத்த இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "நீங்களே வந்து பாத்துட்டுச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி ஆகும் சார்" என்றார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

தினமும் பார்த்த செடி

அந்தியூரில் இறங்கியபோது காலை ஏழு மணி. குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவும் மாட்டுச்சந்தையும் முடிந்து ஊர் களைத்துப்போய் இருந்தது. கடிதம் எழுதியவரின் மகன் பைக்கோடு காத்திருந்தார். கீழே தங்கிக் கல்லூரியில் படிக்கிறார். வார இறுதியில் மலைக்குப் போவாராம்.

ஊரைத் தாண்டியதும், "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். சாலையோரம் இடுப்பளவுக்கு வெள்ளைப் பூவோடு ஒரு செடி கூட்டமாக நின்றது. "இது என்ன செடின்னு தெரியுதா?"

"ஏதோ களைங்க சார்."

"உங்க அப்பா கவர்ல வச்சு அனுப்பினது இதுதான்."

தம்பிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் இதே வழியில்தான் பேருந்து ஏறப் போகிறார். வீட்டில் இந்தச் செடியைப் பற்றிப் பேச்சு நடந்தபோதும் கூட இருந்திருக்கிறார். இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் இருக்கும் செடியை நாம் பார்ப்பதே இல்லை. எங்கும் பரவுவதற்கு முன்னால் அதன் பெயர் தெரிவதில்லை. களை இந்த இடைவெளியில்தான் ஊருக்குள் நுழைகிறது.

பார்த்தீனியத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். 1955 வாக்கில் புனே அருகே இதைக் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் இறக்குமதியான கோதுமையோடு விதை கலந்து வந்து பரவியது என்பது பரவலான கருத்து. இன்று நாடு முழுவதும் இருக்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000-க்கும் மேல் விதை உதிர்க்கும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். நாம் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் அதன் வேலை முடிந்துவிடும்.

வேலியில் நின்ற இரண்டு வேலமரம்

வரட்டுப்பள்ளம் அணைக்கு அருகே இரண்டாவது முறையாக நிறுத்தினோம். தண்ணீர் வற்றிய ஓரங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு தோட்ட வேலியில் வெள்வேல மரம் ஒன்று நின்றது. கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில் மாட்டுக்கு நிழலும் நெற்றும் கொடுக்கும் அதே மரம்.

"ரெண்டும் முள்மரம். எது நம்முது?" என்று கேட்டேன். தம்பி சீமைக்கருவேலத்தைச் சரியாகக் காட்டினார். எப்படித் தெரியும் என்றால் சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரிவது முக்கியம். காரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பகுதியில் சீமைக்கருவேலம் அகற்றும் வேகத்தில் நல்ல வெள்வேல மரங்களையும் சேர்த்து இயந்திரத்தால் பிடுங்கிவிட்டார்கள். 'வேல்' என்ற பெயர் ஒன்றே அவற்றுக்கு எமனாகிவிட்டது. முப்பது வருட நிழல் ஒரு மதியத்தில் போனது. ஆகவே இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள்.

சீமைக்கருவேலத்தின் பூ, பூனை வால் மாதிரி நீளக் கதிராக, வெளிர்மஞ்சளாக இருக்கும். காய் மஞ்சள் நிறத்தில் தட்டையாக நீண்டிருக்கும், இனிக்கும். ஆடு மாடு தின்று, சாணத்தின் வழியே விதை பரவும். நம் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமாலை கோத்தது போல இடையிடையே சுருங்கியிருக்கும். வெள்வேலத்தின் பட்டை வெளிறி இருக்கும், பூ வெண்மை கலந்த சிறு உருண்டைக் கொத்து. பூ உருண்டையா, கதிரா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். வன்னிமரத்துக்கும் பூ கதிராகத்தான் வரும் என்பதால் அங்கே முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் இலைக்கணுவில் நீண்ட முள் இருக்கும். வன்னியில் கணுவுக்கு இடைப்பட்ட கிளைப்பகுதியிலும் குட்டையான கூம்பு முள் பரவியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் வெட்டாதீர்கள். பூ வரும்வரை காத்திருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு மதில்

அணையைத் தாண்டினால் ஏற்றம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. ஒரு காலத்தில் இந்தச் சாலையோரத்தில் மரத்துக்குக் கீழே புல் தெரியும். இப்போது பல இடங்களில் இரண்டு பக்கமும் மதில் எழுப்பியது போல உண்ணிச்செடி. ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறப் பூ. பார்க்க அழகுதான். அழகுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. கறுத்துப் பழுத்த பழத்தைப் பறவைகள் தின்று நாடெங்கும் விதைத்துவிட்டன.

உண்ணிச்செடியின் தண்டு உருண்டையாக இருக்காது, நான்கு பட்டையாக இருக்கும். அதில் பின்னோக்கி வளைந்த சிறு முள். இலை எதிரெதிராக, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கசக்கினால் காட்டமான வாடை. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆன காலம். வேறொரு மலைக்கிராமத்தில் உண்ணிச்செடியை என்ன செய்வது என்று கேட்டார்கள். "தரையோடு தரையா வெட்டித் தீ வச்சுடுங்க" என்றேன். பாவம், கூலி கொடுத்துச் செய்தார்கள். அடுத்த மழையில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஐந்தாறு தளிர். போதாததற்கு வெட்டவெளியான இடமெல்லாம் புது நாற்று. முன்பு நடக்க வழி இருந்த இடத்தில் அதற்குப் பிறகு நாய்கூட நுழைய முடியவில்லை. படிப்பில் களைக்கு ஒரு பாடம் இருந்தது, அந்த மலைக்கு இல்லை. இன்றும் அந்த ஊரை நினைத்தால் எனக்குக் கூச்சம்தான்.

அஜ்ஜி சொன்ன கணக்கு

தாமரைக்கரையைத் தாண்டி, பிரதான சாலையை விட்டு விலகி ஒரு சிற்றூர். இருபது முப்பது வீடுகள். ராகிக் காடு, சோளக்காடு, மக்காச்சோளம். வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள், நம்மிடம் தமிழ். பர்கூர் மாட்டினத்தைக் காலங்காலமாக வளர்த்து வரும் மக்கள். சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட செம்மறை மாடு. மேய்ச்சலை நம்பியே வளர்ந்த இனம். கட்டிப்போட்டுத் தீனி போட்டு வளர்த்துப் பழக்கப்பட்டது அல்ல.

கடிதம் எழுதியவரின் தாயார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாட்டியை அங்கே அஜ்ஜி என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். புதுச்செடியை முதலில் கண்டவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"எப்படி அஜ்ஜி கண்டுபிடிச்சீங்க?"

"இத்தனை வருசம் மாடு மேச்சிருக்கேன். இந்த மண்ணுல என்ன மொளைக்கும்னு எனக்குத் தெரியாதா? இது நம்ம ஊரு மொகமே இல்ல" என்றார்.

பிறகு ஒரு கணக்குச் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் வீட்டில் நாற்பது மாடு. காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்திருக்கிறார்கள். ஊருக்குப் பின்னால் இருந்த சரிவே பாதி நாளைக்கு மேய்ச்சல் கொடுக்கும். அந்தச் சரிவில் உண்ணிச்செடி ஒன்றிரண்டாக வந்தபோது பிள்ளைகள் பூப் பறித்து விளையாடினார்கள். யாரும் பிடுங்கவில்லை. மெல்லப் புல் குறைந்தது. மாடு குறைந்தது. இப்போது வீட்டில் ஆறு மாடு. அந்த ஆறுக்கும் கோடையில் மேய்ச்சல் போதாமல் மூன்று ஆண்டுகளாகக் கீழே இருந்து சோளத்தட்டு விலைக்கு வாங்குகிறார்கள்.

"தட்டு எங்கே இறக்குவீங்க?" என்று கேட்டேன்.

மகன் எழுந்து கூட்டிப்போய்க் காட்டினார். மாட்டுப்பட்டிக்கு அருகே, லாரி திரும்பும் இடம். கடிதத்தில் வந்த செடி முளைத்திருந்ததும் அங்கேதான்.

எனக்கு அந்த இடத்தில் நிற்கும்போதுதான் முழுக்கதையும் புரிந்தது. உண்ணிச்செடி மேய்ச்சலைத் தின்றது. மேய்ச்சல் போனதால் தட்டு வாங்க வேண்டியதாயிற்று. தட்டுக்கட்டோடு கீழ்நாட்டு மானாவாரிக் காட்டின் பார்த்தீனிய விதை மலையேறி வந்தது. ஒரு களை இன்னொரு களைக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இதையும் விட்டால், மிச்சமிருக்கும் மேய்ச்சலும் போகும். அப்புறம் அந்த ஆறு செம்மறையும் சந்தைக்குப் போக வேண்டியதுதான்.

சாக்கு மேல் நான்கு செடி

மாலையில் மாடு பட்டிக்குத் திரும்பிய பிறகு ஊரார் கூடினார்கள். பேச்சைக் குறைத்தேன். ஒரு சாக்கை விரித்து நான்கு செடிகளை வேரோடு வைத்தேன். பார்த்தீனியம், மாசிபத்திரி, கிணற்றடிப் பூண்டு, செவ்வந்தி நாற்று. மாசிபத்திரியும் செவ்வந்தியும் அந்தியூர்ப் பூக்கடையிலும் நாற்றுக்கடையிலும் காலையிலேயே வாங்கியது.

"இதுல எது புதுசு?" என்று கேட்டேன். பாதிப்பேர் தடுமாறினார்கள். அது சரிதான். இளம் பார்த்தீனியத்தின் இலை, செவ்வந்தி இலையையும் கேரட் இலையையும் போல ஆழமாகப் பிளந்திருக்கும். பிறகு ஒவ்வொரு செடியாகக் கைமாற்றினோம்.

பார்த்தீனியம் முளைத்த புதிதில் இலைகள் தட்டு வைத்ததுபோலத் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பிறகே நடுவிலிருந்து தண்டு எழும். தண்டில் நீளவாக்கில் வரிவரியாகக் கோடு, மெல்லிய முடி. பூ பொடியாக, கொத்துக் கொத்தாக வெள்ளையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பூவின் விளிம்பிலும் ஐந்து சிறு முனை தெரியும்.

மாசிபத்திரியைக் கசக்கினால் நல்ல மணம் வரும். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். பார்த்தீனியத்தில் அந்த மணம் இல்லை. கிணற்றடிப் பூண்டு, அதாவது வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழியும் செடி, அதற்கு நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். இலை ஆழமாகப் பிளந்திருக்காது.

ஒரு பெரியவர், "இதைக் கொள்ளேகால் பக்கம் பாத்திருக்கேன். காங்கிரஸ் கிடா-னு சொல்லுவாங்க" என்றார். நல்லதாயிற்று. செடிக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு பெயர் கிடைத்தது. பெயர் தெரிந்த பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். பத்து நிமிடத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே மாசிபத்திரியைப் பிரித்துக் காட்டினாள்.

ஓர் இளைஞர், "மருந்தடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே சார்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காடு முழுக்கப் பரவிய இடத்தில் அந்தப் பேச்சு எழும். ஆனால் இங்கே எண்ணிவிடக் கூடிய அளவில்தான் செடி இருக்கிறது. பக்கத்தில் மாடு மேய்கிறது, கீழே குடிநீர் ஓடை. எண்ணிவிட முடிகிற களைக்குக் கைதான் மருந்து. சாலையோரம், தரிசு என்று பயிர் இல்லாத இடத்தில் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாதா உப்புக் கரைத்துத் தெளிக்கும் முறை உண்டு. விளைநிலத்திலும் மரத்தடியிலும் நீர்நிலை ஓரத்திலும் அதைச் செய்யக் கூடாது. மண் உவர்த்துவிடும்.

212 செடி

மறுநாள் காலை பனி ஈரத்தில் பிடுங்கப் போனோம். பெரியவர்கள் பதினான்கு பேர். பிள்ளைகளுக்குப் பிடுங்கும் வேலை கிடையாது, கண்டுபிடித்துக் கூப்பிடும் வேலை மட்டும். இந்தச் செடி சிலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். பூத்தூள் மூச்சுத் தொந்தரவைக் கிளப்பும். ஆகவே கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துண்டு. கையுறை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்துமா உள்ள ஒருவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம்.

லாரி நின்ற இடத்தைச் சுற்றி, சாணக்குப்பை ஓரம், பாதை நெடுக என்று எண்ணிக்கொண்டே பிடுங்கினோம். மொத்தம் 212 செடி. பூக்காதவை 171. பூத்தவை 41.

பூக்காததை எருக்குழியில் போட்டு மக்கவைக்கலாம், நல்ல தழைதான். பூத்ததை அப்படிப் போடக் கூடாது. எரு வழியாகவே காடு முழுக்க விதைத்ததாகிவிடும். இங்கே அது இன்னும் முக்கியம். பர்கூர் மலை மாட்டெருவைக் கீழே உள்ளவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். எருவில் விதை இருந்தால் வந்தது வந்த வழியே திரும்பிப் போகும். பூத்த 41-ஐயும் உதறாமல் சாக்கில் போட்டுக் கட்டி, ஓரமாக உலர்த்தி, காற்றில்லாத நேரத்தில் தனியாகக் குழியில் எரிக்கச் சொன்னேன்.

பிடுங்கிய இடத்தில் நான்கு மூலைக்கும் குச்சி நட்டோம். மண்ணில் புதைந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கொஞ்சம் முளைக்கும். பூக்க நான்கு வாரமாவது ஆகும் என்பதால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் ஒரு செடியும் தப்பாது. "பதினைஞ்சு நாளை எப்படி ஞாபகம் வச்சிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். கடிதம் எழுதியவரே பதில் சொன்னார். "புத்தகம் வர்ற அன்னிக்குப் போய்ப் பாத்துடுவோம்." இந்தப் பத்திரிகைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இனித் தட்டு இறக்குவது ஒரே இடத்தில், ஊரார் கண்ணில் படும் இடத்தில் என்று முடிவு செய்தார்கள். கட்டைப் பிரித்து உதறிய குப்பையைக் கூட்டி எரிப்பது, வாங்கும்போதே வெள்ளைப்பூச் செடி கலந்த கட்டை வேண்டாம் என்று சொல்வது, இரண்டும் சேர்ந்தது. செலவு ஒன்றுமில்லை.

அரை ஏக்கர் சரிவு

உண்ணிச்செடிப் பேச்சு எடுத்ததும் இரண்டு கட்சி ஆயிற்று. "காட்டுப்பன்றி வராம அதுதான் வேலியா நிக்குது. வெறகுக்கும் அதுதான்" என்றார் ஒருவர். பொய்யில்லை. அதே மனிதரின் மாடு ஒன்று இரண்டு கோடைக்கு முன் பசியில் உண்ணி இலையைத் தின்று, கண் மஞ்சளாகி, தோல் வெடித்து இறந்ததும் பொய்யில்லை. உண்ணி இலையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். அதன் பிறகு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும், அதிலும் வெள்ளைத் தோல் முதலில். செம்மறையின் வெள்ளைத் திட்டுகள்தான் அங்கே முதலில் வெடிக்கின்றன. அப்படி ஒரு மாட்டைக் கண்டால் உடனே நிழலில் கட்டி, அந்த மேய்ச்சலை நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தாமதித்தால் காப்பாற்றுவது கடினம்.

முழுவதையும் ஒரே மூச்சில் அழிக்க வேண்டாம் என்றேன். சரிவை மொட்டையாக்கினால் ஒரு மழையில் மண் ஓடிவிடும். ஒரு குடும்பம் தங்கள் பட்டா நிலத்தில் அரை ஏக்கர் சரிவைக் கொடுத்தது. வனத்துறை நிலத்தில் நாமாகக் கை வைக்கக் கூடாது. அதற்கு அனுமதி பெற வேண்டும், கிராமசபை மூலம் கேட்கலாம்.

முறை எளிது, உடல் உழைப்பு அதிகம். கிளைகளை ஒதுக்கிவிட்டு, தூரின் அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கி, தரைமட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே வேரை வெட்ட வேண்டும். தளிர் விடும் கணுக்கள் தண்டும் வேரும் சேரும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் கீழே மிஞ்சும் வேர் தளிர்க்காது. எடுத்த தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் மண்ணில் படாமல் காயவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு பரப்பிய முறை இது. இதை நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தால் அந்த இன்னொரு ஊர் தப்பித்திருக்கும்.

காய்ந்த குச்சி வீணில்லை. பக்கத்திலேயே இருக்கும் மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் உண்ணிக் குச்சியைப் பதப்படுத்தி நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதே குச்சியில் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எல்லா ஊராலும் அது முடியாது. விறகாகவும் வேலிமுள்ளாகவும் பயன்பட்டாலே போதும்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். காலியான மண்ணை இயற்கை காலியாக விடாது. நாம் புல் போடாவிட்டால் அது களை போடும். அதுவும் இப்போது பார்த்தீனியம் வாசலில் நிற்கிறது. சரிவின் மேல்பக்கத்திலிருந்து கீழ்நோக்கிச் சிறு பட்டைகளாக எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அந்த மலையிலேயே விளையும் நல்ல புல்லின் கதிரை உருவித் தூவ வேண்டும். எந்தப் புல் என்று நான் சொல்லவில்லை. அஜ்ஜியைக் கேட்டேன். மாடு எந்தப் புல்லை முதலில் தேடும், அது எப்போது கதிர் முற்றும், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். எந்தப் பட்டப்படிப்பிலும் எனக்கு அந்தப் பாடம் இருந்ததில்லை. முதல் ஆண்டு அங்கே மாடு விடாமல், புல்லை அறுத்துப் போட வேண்டும். பறவை உட்காரும் மரங்களுக்குக் கீழே மழைக்குப் பின் உண்ணி நாற்று முளைக்கும். கையால் பிடுங்கிவிடலாம்.

கடிதத்துக்குப் பதில்

கிளம்பும்போது அஜ்ஜி கேட்டார். "அந்தப் பூச்செடி வந்தப்பவே யாராச்சும் வந்து இப்படிச் சொல்லியிருந்தா, எங்க நாப்பது மாடும் இருந்திருக்குமா சார்?"

மாடு குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "பாதியாச்சும் இருந்திருக்கும் அஜ்ஜி" என்றேன். அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. இந்த முறை செடி இல்லை, ஒரு கணக்கு மட்டும். முதல் பதினைந்து நாளில் 63 செடி. அடுத்த பதினைந்து நாளில் 38. அதற்கடுத்து, மழை பெய்ததால், 55. ஒன்றும் பூக்கவில்லை. எண்ணிக்கை ஏறியதைக் கண்டு மனம் தளர வேண்டாம் என்று பதில் எழுதினேன். மண்ணில் இருக்கும் விதை வெளியே வருகிறது, புது விதை விழவில்லை. ஒன்றும் பூக்கவில்லை என்ற அந்த ஒரு வரியைத்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

வாசகர்களே, உங்கள் ஊரில் தட்டு இறக்கும் இடம், மணல் கொட்டும் இடம், வெளியூர் நாற்றும் எருவும் வந்து சேரும் இடம், சந்தை கூடும் மைதானம், இவற்றை அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை சுற்றி வாருங்கள். ஊரில் நெடுநாள் மாடு மேய்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'நம்ம ஊரு மொகம்' இல்லாத செடி எதுவும் கண்ணில் பட்டால், வேர், இலை, பூவோடு எடுத்து, தாளில் அழுத்திக் காயவைத்து, முளைத்த இடத்தையும் குறிப்பிட்டுக் 'கேள்வி - பதில்' பகுதிக்கு அனுப்புங்கள். விதை முற்றியிருந்தால் கவரை நன்றாக ஒட்டி அனுப்புங்கள், வழியில் உதிரக் கூடாது. பதில் வரும்வரை மாட்டுக்குப் போட வேண்டாம்.